இருபதடி நீங்கலாக

அந்தப் பச்சைத் துண்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார், கவனித்தீர்களா தம்பி? அவர் அப்பாவுக்கு, நான்கு மகன்களுக்கும் ஒரு சண்டை வராமல், ஒரே நாளில் பாகப்பிரிவினை எழுதிக் கொடுத்தவன் நான். இவருக்கு மட்டும் இரண்டு கிரயம். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறார். போகட்டும். அதனால்தான் இந்தக் கூட்ட பஸ்ஸில் உங்களுக்கு இடம் கிடைத்தது. உட்காருங்கள்.

வெளியூரா? நல்லதாகப் போயிற்று. இப்போதெல்லாம் வெளியூர்க்காரர்களிடம்தான் நான் பேச முடிகிறது.

என் பெயர் சென்னியப்பன். பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் நாற்பத்தொரு வருஷமாக ஒரே அறை, ஒரே மேசை. இப்போது டைப் அடிப்பது கம்ப்யூட்டரில், வேறு ஆள். ஆனால் வாசகம் என்னுடையது. எழுதி எழுதி என் பேச்சும் பத்திரம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் நான் ‘மேற்படி ரசம்’ என்று கேட்பதாக என் மனைவி கிண்டல் செய்வாள்.

பத்திரத்தில் தப்பு இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொன்று எழுதிப் பதிய வேண்டும். சர்வே எண் மாறிப் போகும், கிழக்கு மேற்காகிவிடும், அப்பன் பேர் மகன் பேராகிவிடும். பக்கத்து மேசைக்காரருக்கு மாதம் ஒன்று வரும். நாற்பத்தொரு வருஷத்தில் என் எழுத்துக்கு ஒரு பிழைத்திருத்தல் வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள்.

விஷயம் ஊஞ்சவலசு நாச்சாத்தாளுடையது.

உங்களுக்கு எங்கள் பக்கத்து நிலம் தெரியாதல்லவா? கொரங்காடு என்போம். உழாத காடு. மழைக்குக் கொழுக்கட்டைப் புல் முளைக்கும், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள் வேலி. உயிர்வேலி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பின்னிக்கொண்டு நிற்கும். காலையில் ஆட்டையும் மாட்டையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் சாயங்காலம் போய் ஓட்டி வரலாம். மேய்க்க ஆள் வேண்டாம். வேலிதான் மேய்ப்பவன். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவில் போகிற சந்துக்கு இட்டேரி என்று பெயர். மனிதரும் மாடும் நடக்கிற வழி. மற்ற நேரத்தில் கவுதாரி, முயல், கீரி, பாம்பு எல்லாம் நடக்கிற வழி.

நாச்சாத்தாளுக்கு அப்படிப் பத்தொன்பது ஏக்கர். தார் ரோட்டிலிருந்து கிழக்கே போகிற இட்டேரிக்கு வடக்கே பதினொன்று, தெற்கே எட்டு. புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே மகள், பெங்களூரில். இவள் தனியாக ஐம்பது செம்மறியும் நாலு காங்கேயம் மாடும் வைத்துக்கொண்டு இருந்தாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயது இருக்கும். நடையைப் பார்த்தால் சொல்ல முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதம், என் அறைக்கு வந்தாள். கூடவே மெர்சி என்று ஒரு பெண். திண்டுக்கல் பக்கம். மேய்ச்சல் நிலத்தையும் அதில் இருக்கும் உயிர்களையும் காப்பாற்றுகிற ஏதோ ஒரு அறக்கட்டளையில் வேலை.

“ஏனுங்ணா, என்ற காட்டுக்கு ஒரு பத்தரம் போடோணும்” என்றாள் நாச்சாத்தாள்.

“விக்கறயா அம்மிணி?”

“விக்கறதில்லீங்ணா. எப்பவும் யாரும் விக்கறாப்ல ஆகாம இருக்கறதுக்கு.”

எனக்குப் புரியவில்லை. மெர்சிதான் விளக்கினாள். நிலம் நாச்சாத்தாளுடையதாகவே இருக்கும். ஆனால் உழ மாட்டேன், மனை போட மாட்டேன், சோலார் தகடு நடவிட மாட்டேன், வேலியை வெட்ட மாட்டேன் என்று அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கிறாள். பதிலுக்கு அவர்கள் தண்ணீர்த் தொட்டி கட்டித் தருவார்கள், வேலி பட்டுப்போன இடத்தில் கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தாக நட்டுத் தருவார்கள். அவளுக்குப் பிறகு மகள் வந்தாலும், மகள் விற்று வேறு யார் வந்தாலும், அந்த நிபந்தனை நிலத்தை விட்டுப் போகாது.

கிரயம், தானம், விடுதலை, அடமானம், உயில் எல்லாம் எழுதியிருக்கிறேன். தன் கையைத் தானே கட்டிக்கொள்கிற பத்திரத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இதுல யாருக்கு என்ன லாபம் அம்மிணி?”

“வடக்குக் காட்டுல நரி குட்டி போடுதுங்ணா. வருசம் தவறாம. பனிக்காலத்துல எங்கிருந்தோ பருந்து வருது, புல்லுக்கு மேல தாழப் பறந்து பறந்து போகும், மெர்சிக் கண்ணுதான் பேரு சொல்லுச்சு. அதுகளுக்கு வேற எங்க எடமிருக்குது? சுத்திலும் பாருங்க. என்ற ஆட்டுக்கும் அதுதான் எடம். நான் போனதுக்கப்பறம் அதுல கல்லு நடப்படாது. அவ்வளவுதானுங்க.”

டீக்கடை ராமலிங்கம் டம்ளர் எடுக்க வந்தவன் கேட்டுக்கொண்டே நின்றான். “நரிக்குப் பத்தரமா? கைநாட்டு யாரு வெக்கறது, நரியா? ஆதார் கார்டு இருக்குதான்னு கேளுங்க” என்றான். எல்லோரும் சிரித்தோம். நாச்சாத்தாளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்பதைப் பிற்பாடு பெரிய குற்றமாகச் சொன்னார்கள். சிரிப்பு வந்தால் சிரிக்க மாட்டார்களா?

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் அண்ணன், அவினாசியப்பன். நாச்சாத்தாள் காட்டுக்குக் கிழக்கே, இட்டேரி முடிகிற இடத்தில் அவருக்கு நாற்பத்துமூன்று ஏக்கர். கல்லும் கரடும். சோலார் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், பிடித்திருந்தது, வழி எங்கே என்று கேட்டார்கள். வழி அந்த இட்டேரிதான். எட்டடி. அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

நாச்சாத்தாள் பத்திரம் போடப் போகிறாள் என்று தெரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

“மாப்ளே, எனக்கு வழி மட்டும் இருந்தாப் போதும். அவனோட லாரி நாப்பதடி நீளம். இட்டேரில மாடு திரும்பறதுக்கே எடமில்ல.”

“அது நாச்சாத்தா நெலமுங்க மச்சான். அவகிட்டத்தான் கேக்கோணும்.”

“கேட்டாச்சு. வேலில கை வெக்காதீங்க, நரி படுத்திருக்குதுங்கறா. நரி எந்திரிச்சுப் போகட்டும்னு நானும் எத்தன வருசம் நிக்கறது?”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

“நீங்க எழுதற ஆளு. நான் என்னத்தச் சொல்றது?”

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி சமையலறையிலிருந்து, “அண்ணன் இத்தன வருசத்துல வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல” என்றாள். அது உண்மைதான். என் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் தூங்காமல் நின்றவர் அவர்.

இது நடந்தது ஞாயிறு. நான் பத்திரம் எழுதியது புதன். இரண்டையும் முடிச்சுப் போடுவது அவரவர் மனசைப் பொறுத்தது.

பத்திரத்தில் இரண்டு பாகம் உண்டு தம்பி. முதலில் வாசகம்: யார், யாருக்கு, என்ன நிபந்தனை. கடைசியில் சொத்து விவரம்: சர்வே எண், நான்கு எல்லை, என்னென்ன சேர்ந்தது, என்னென்ன நீங்கலாக. வாசகத்தில் மெர்சி சொன்ன ஒவ்வொரு நிபந்தனையும் போட்டேன். உழவு, கட்டடம், வேலி, நரி வளை, எல்லாம். இதைவிடத் துல்லியமாக ஒருவர் எழுத முடியாது. மெர்சியே, “ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க ஐயா” என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும். நான் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. அதற்கு ஒரு ராகம் உண்டு, மூச்சு விடாமல் போகும். எல்லோரும் வாசகத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். ‘சொத்து விவரம்’ என்ற சொல் வந்ததும் எழுந்துவிடுவார்கள். செருப்பைத் தேடுவார்கள், சாட்சிகள் டீ குடிக்கப் போவார்கள், ஆதார் நகலைச் சரிபார்ப்பார்கள். தன் காட்டின் எல்லை யாருக்குத் தெரியாது? அதை இவன் வாசித்துத்தானா தெரிய வேண்டும்? எங்கள் ஊரில் யாரும் சொத்து விவரத்தை உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். நாச்சாத்தாள் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள், பதிவாளர் முன்னால் போட்டோ எடுப்பார்களே, அதற்காக. மெர்சி போனில் வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசிப்பை நிறுத்தவில்லை. ‘இதன் மத்தியில் கிழமேலாகச் செல்லும், இருபதடி அகலமுள்ள, சகல வாகனாதிகளும் சென்று வரும் மாமூல் பொதுத் தடம் நீங்கலாக, மீதியுள்ள பூமி பூராவும்’ என்று கடைசிச் சொல் வரைக்கும் வாசித்தேன். சத்தமாகத்தான் வாசித்தேன். மறைக்க வேண்டும் என்று நினைத்தால் வாசிப்பேனா?

ஒன்றே முக்கால் மணிக்குப் பதிவு முடிந்தது. நாச்சாத்தாள் எல்லோருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். “இனி நிம்மதியாச் சாவேன்” என்றாள். ராமலிங்கம், “பன்னு ஒண்ணு நரிக்குப் பார்சல் கட்டட்டுமா?” என்றான்.

ஆடி ஐந்தோ ஆறோ, இருவரும் திரும்பி வந்தார்கள். மெர்சி கையில் பத்திர நகல். ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அவர்கள் அலுவலகத்தில் வரைபடம் போட உட்கார்ந்தபோது யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“ஏனுங்ணா, இட்டேரி எட்டடிதானுங்களே. வைக்கப்புல்லு வண்டி போனா ரெண்டு பக்க வேலியும் புல்லப் புடுங்கிக்கும். இதுல இருபதுன்னு இருக்குதாமா?”

“அது மாமூல் வாசகம் அம்மிணி. இப்பெல்லாம் எந்தத் தடமானாலும் இருபதுன்னுதான் போடறது. பேங்க்குக்காரன் கேப்பான்.”

“பேங்க்குக்கும் எனக்கும் என்னுங்ணா?”

மெர்சி மரியாதையாகத்தான் பேசினாள். “ஐயா, அது சரின்னா அந்த இருபதடிக்கு நம்ம நிபந்தனை எதுவும் செல்லாது. நீங்கலாகன்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகுது. வேலி அந்த இருபதுக்குள்ளதான் வருது. ஒரு பிழைத்திருத்தல் போட்டுடலாம். ஒரு நாள் வேலைதானே?”

பிழைத்திருத்தல். என் எழுத்துக்கு. பக்கத்து மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

“போடலாம்மா. ஆனா ஆடி நடக்குது. ஆடியில யாராச்சும் பத்திரம் எழுதுவாங்களா? ஆபீஸ் எப்படிக் காத்தாடுது பாரு. ஆவணி பொறக்கட்டும். முதல் முகூர்த்தத்துல நானே எழுதித் தர்றேன்.”

“எங்களுக்கு ஆடி பரவாயில்லை ஐயா. நாளைக்கே வர்றோம்.”

நாச்சாத்தாள்தான் அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். இது நடக்கவில்லை என்று மெர்சியாலும் சொல்ல முடியாது. “வேண்டாங் கண்ணு. அண்ணன் சொல்றது செரிதான். நல்ல காரியத்த ஆடில பண்ணுனா வெளங்காது. ஒரு மாசந்தான? காடு எங்க போயிருது?”

காடு எங்கேயும் போகாது என்று அவள்தான் சொன்னாள். நான் சொல்லவில்லை.

ஆடி பத்தொன்பதாம் தேதி மச்சான் கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வடநாட்டுக்காரர். நாற்பத்துமூன்று ஏக்கருக்கும் கிரயம். நான் ஆடி என்று சொன்னேன், சொல்லாமல் இல்லை. அவர் ஆடி என்றால் என்ன என்று கேட்டார். கார் ஷோரூம்காரன் தள்ளுபடி போடுவானே அந்த மாதம் என்று மச்சான் விளக்கினார். அவர் நல்லது என்றார்.

எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். நான் எழுதாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் எழுதியிருப்பார், அதில் நாலு பிழை வந்திருக்கும். வழி எது, எத்தனை அடி, அதற்கு என்ன ஆதாரம் என்று கம்பெனி வக்கீல் கேட்டார். நாச்சாத்தாள் பத்திரத்தின் எண்ணையும் வருஷத்தையும் போட்டேன். நிலத்துக்காரியே ஒப்புக்கொண்டு பதிந்த தடம், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஆதாரம் காட்டாமல் எழுதினால் அது எழுத்தா தம்பி?

ஆவணி முதல் முகூர்த்தம் வளர்பிறையில், ஒரு வியாழக்கிழமை. நாச்சாத்தாள் எட்டரை மணிக்கே வந்துவிட்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. மெர்சி பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நான் முத்திரைத்தாளை எடுத்து வைத்தேன். எழுதத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. மூன்றாம் ஆள் கைக்கு உரிமை போன பிறகு அவன் சம்மதம் இல்லாமல் திருத்த முடியாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவளுக்குப் போன் வந்தது. ஊஞ்சவலசிலிருந்து யாரோ. ஜே.சி.பி. வேலியைப் பிடுங்குகிறது என்று.

அவள் என்னைப் பார்த்தாள். நான் போலீசுக்குச் சொல்லலாம் அம்மிணி என்றேன். எதிரில் வந்த ஷேர் ஆட்டோவை மறித்து ஏறிப் போய்விட்டாள். தட்டு பெஞ்சிலேயே இருந்தது. சாயங்காலம் வரை இருந்தது. பிறகு ராமலிங்கம் எடுத்துக்கொண்டு போனான்.

ஜே.சி.பி. வரும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறார்கள். நாள் தெரியாது. வரும் என்று தெரியும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

தெற்கே கரண்ட் கம்பம் இருந்ததால் பன்னிரண்டு அடியையும் வடக்கே எடுத்துவிட்டார்கள். ஆயிரத்து இருநூறு அடி வேலி, மதியத்துக்குள் முடிந்துவிட்டது. வேலிக்குள்ளிருந்து என்னென்ன வந்தது என்று டிரைவர் பிற்பாடு டீக்கடையில் சொன்னான். கவுதாரிக் குஞ்சு ஒரு கூட்டம், இரண்டு சாரை, ஒரு உடும்பு, முயல் குட்டிகள். முயல் குட்டிகளை வேலையாட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நாச்சாத்தாள் ஜே.சி.பி.யின் பக்கெட்டுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். போலீஸ் வந்து பத்திரத்தைப் பார்த்துவிட்டு, “இது உங்க கையெழுத்துதானம்மா?” என்று கேட்டார்களாம். அவள் ஆமாம் என்றாளாம். அவ்வளவுதான், அதற்கு மேல் அவர்கள் என்ன செய்வார்கள்? நல்லவர்கள்தான், தண்ணீர் கூடக் கொடுத்தார்களாம்.

கம்பி வேலி போட்டார்கள், அறக்கட்டளைச் செலவில். கம்பி மாட்டுக்குச் சரி. நாய்க்குப் போதாது.

தெருநாய்த் தொல்லை உங்கள் பக்கம் உண்டா? இங்கே ரொம்ப அதிகம். பைபாஸ் ஓரம் கறிக்கடைக் கழிவைத் தின்று வளர்ந்தவை. கம்பெனி வேலையாட்கள் கொட்டகை போட்டதும், மிச்சச் சோற்றுக்கு அங்கே வந்து சேர்ந்தன. ஐப்பசியில் ஒரு பகல், நாச்சாத்தாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வர ஒன்றரை மணி நேரம். வடக்குக் காட்டில் இருபத்தாறு செம்மறி. நாய் தின்பதற்காகக் கடிப்பதில்லை. ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். பத்து ஆடு செத்துக் கிடந்தன, மீதி பதினாறும் குடல் சரிந்து நின்றுகொண்டிருந்தன. ஆடு சத்தம் போடாது தம்பி, நின்றுகொண்டே இருக்கும். கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டு முடித்து வைக்க ராத்திரி ஆகிவிட்டது என்றார்கள்.

இதையும் என் கணக்கில்தான் எழுதினார்கள். நாய்களை நானா வளர்த்தேன்?

மறுநாள் ஆட்டைப் புதைத்த குழிப் பக்கம் ஊரே போயிருந்தது. நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா, தெரிந்த குடும்பம். நாச்சாத்தாள் என்னைப் பார்த்து, “வாங்கண்ணா” என்றாள். அவ்வளவு மரியாதை. உட்காரச் சொன்னாள். பிறகு, “அந்தச் சொத்து விவரத்த ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்ணா” என்றாள். மெர்சி நகலை என் கையில் கொடுத்தாள். வழக்கமான ராகத்தில் ஆரம்பித்தேன்.

“அப்படி இல்லீங்ணா. மெதுவா.”

மெதுவாக வாசித்தேன். இருபதடி வந்தது. நீங்கலாக வந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. முடித்ததும் அவள், “செரிங்ணா, போயிட்டு வாங்க” என்றாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சொல்வதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். அன்றையிலிருந்து என் மேசைக்கு ஊஞ்சவலசுக்காரர் ஒருவரும் வருவதில்லை. பிறகு சுற்று வட்டாரமும் நின்றுவிட்டது. எங்கள் வாசலில் மல்லிகைப்பூ விற்கிறவள்கூடத் தன் பத்திரத்துக்குப் பக்கத்து மேசைக்காரரிடம் போகிறாள், மாதம் ஒரு பிழைத்திருத்தல் போடுகிறவரிடம்.

அறக்கட்டளை வழக்குப் போட்டது. தடம் எட்டடிதான், இருபது என்று எழுதும்படி இரு தரப்பும் சொல்லவில்லை, வேலியைத் திரும்ப நட விட வேண்டும் என்று. அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். மெர்சி நாலு தடவை வீட்டுக்கு வந்தாள். “ஐயா, தெரியாம எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். வேணும்னு எழுதினீங்கன்னு நாங்க சொல்லவே மாட்டோம்” என்றாள். தெரியாமல் எழுதினேன் என்று நான் சொல்வதா? நாற்பத்தொரு வருஷம் தெரிந்து எழுதியவன்.

இன்றைக்குக் காலையில் கூண்டில் ஏறினேன். அதை முடித்துக்கொண்டுதான் வருகிறேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. வாசித்துக் காட்டினீர்களா என்றார்கள். காட்டினேன் என்றேன். சொத்து விவரத்தையுமா? அதையும். கேட்டுக்கொண்டிருந்தார்களா? அறையில்தான் இருந்தார்கள் என்றேன். இருபதடி என்று யார் சொல்லி எழுதினீர்கள் என்றார் அறக்கட்டளை வக்கீல். மாமூல்படி எழுதினேன் என்றேன். எல்லாம் உண்மை. கம்பெனி வக்கீல் வெளியே வந்து கை கொடுத்தார். நான் கொடுக்கவில்லை, கையில் குடை இருந்தது.

நாச்சாத்தாள் கோர்ட்டுக்கு வரவில்லை. மெர்சி மட்டும்தான். படியில் உட்கார்ந்திருந்தாள். நானாகத்தான் போய்க் கேட்டேன், அவள் ஏன் வரவில்லை என்று.

“அவங்க பகல்ல காட்டை விட்டு வர்றதில்லை ஐயா. வடக்குக் காட்டுல நரி மறுபடி குட்டி போட்டிருக்கு. ரெண்டு.”

மீதி ஆட்டையெல்லாம் விற்றுவிட்டாள் தம்பி. மாடும் இல்லை. உள்ளே அவளுடையது என்று ஒன்றும் கிடையாது. வேலி நின்ற இடத்தில், அந்த ஆயிரத்து இருநூறு அடியில், கையில் தடியோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. லாரி வந்தால் ஒதுங்குவாள், போனால் நடப்பாள். ஒவ்வொரு ஆடியிலும் கிளுவைப் போத்து நடுகிறாள், லாரி ஏறிப் போய்விடுகிறது. நடை பழைய நடை இல்லை, ஒரு காலை இழுத்துத்தான் வைக்கிறாள். நரிக்கு யாராவது காவல் இருப்பார்களா? நரிக்கு அது தெரியுமா? விற்றுவிட்டு மகளோடு போகலாம் என்றால், அந்த நிபந்தனையோடு அதை யார் வாங்குவார்கள்? அந்த நிபந்தனையை நான் கெட்டியாகத்தான் எழுதினேன். அதில் ஒரு ஓட்டை கிடையாது.

தூரத்தில் மின்னுகிறதே, அதுதான் மச்சானுடைய பழைய நிலம். இப்போது எல்லாம் தகடு. தடம் இதோ வரப் போகிறது. லாரி திரும்புகிற இடம் என்று அங்கே வேகத்தடை போட்டிருக்கிறார்கள். பஸ் நிற்காது, ஆனால் மெதுவாகத்தான் போகும்.

தம்பி, உங்கள் பக்கத்து ஷட்டரை இறக்கிவிடுங்கள்.

வெயில் அந்தப் பக்கம் இல்லைதான். இறக்குங்கள்.